பத்தொன்பது பேரும் ஒரு நாற்காலியும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலே ஒரு மணிமண்டபம் எழுந்து நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. உள்ளே நிற்கும் சிலை எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியாருடையது. அதே ஆண்டில் சென்னைச் சட்டப்பேரவை மண்டபத்திலும் அவருடைய படம் திறந்து வைக்கப்பட்டது. சிலைக்கு மாலை சூட்ட ஆண்டுதோறும் கட்சிகள் வரிசையில் வருகின்றன. ஒருவரையொருவர் தூற்றிக் கொள்ளும் கட்சிகள், அந்த ஒரு நாளில் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன!

ஏன் இந்தப் போட்டி? யார் இந்தப் படையாட்சியார்? இன்றைய இளைஞரைக் கேட்டால், "எங்கள் வட்டாரத்துப் பழைய தலைவர், அமைச்சராக இருந்தாராம்" என்பர். அவ்வளவுதான் நினைவில் நிற்கிறது. மாலை நினைவில் இருக்கிறது; மனிதர் செய்த வேலை மறந்துவிட்டது. அதனை மீண்டும் எடுத்து வைத்துப் பார்ப்பது நமக்குத் தேவை என்று கருதுகிறோம். ஒரு சமூகம் தன் குறையைத் தீர்த்துக் கொள்ளத் தானே ஒரு கட்சி காணலாமா, கண்டால் அது எங்கே போய் முடியும் என்ற கேள்வி இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. அந்தக் கேள்விக்குத் தென்னார்க்காடு 1951லேயே ஒரு சோதனை நடத்திப் பார்த்துவிட்டது.

கடலூருக்கு அமைச்சர்கள் புதியவர்கள் அல்லர். சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரே தென்னார்க்காட்டுக்காரர்தாம். 1920 டிசம்பர் 17ஆம் நாள் நீதிக்கட்சியின் சார்பில் பதவியேற்ற அ. சுப்பராயலு ரெட்டியார், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். சீமைக்குச் சென்று சட்டம் பயின்றவர். உடல்நலம் குன்றியதால் 1921 சூலையில் விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் மறைந்தும் போனார். அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர் யார்? வரி கட்டியவர், சொத்து வைத்திருந்தவர். கெடிலக்கரையிலே ஏர் பிடித்தவனுக்கும், பண்ணுருட்டிப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையிலே களை எடுத்தவளுக்கும் அன்று வாக்கு இல்லை. அவர்களுக்கு வாக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. படையாட்சியாரின் கதை அந்த வாக்கோடு வந்த கதை.

அவர் சார்ந்த வன்னியர் சமூகம் வட தமிழ்நாட்டில் எண்ணிக்கையால் பெரியது, உழைப்பால் பெரியது, பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் சர்க்கார் சம்பளப் பட்டியலிலும் மட்டும் சிறியது! மண்ணைக் கிளறியவர்களுக்குச் சொந்தமாக இருந்தது துண்டு நிலம். பலருக்கு அதுவும் இல்லை. இந்தத் தாழ்வைப் போக்க அந்தச் சமூகத்தின் படித்த சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முனைந்தனர். 1888இல் சென்னையிலே சங்கம் கண்டனர். ஆனால் அவர்கள் முதலில் கேட்டது என்ன? பள்ளிக்கூடமா? வேலையா? அல்ல. 'பள்ளி' என்று எழுதாதே, 'வன்னியகுல க்ஷத்திரியர்' என்று எழுது என்று குடிக்கணக்கு அதிகாரிகளிடம் மனுப் போட்டனர். வேள்வித் தீயிலே தோன்றிய வீரன் ஒருவனின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்ற புராணத்தைச் சான்றாகக் காட்டினர். 1931 குடிக்கணக்கிலே பழைய பெயர் மறைந்து புதிய பெயர் நின்றது.

நெருப்பிலே பிறந்ததாகச் சொல்லிக் கொண்டால் நிலவரி குறையுமா? குறையவில்லை. வருணப் படிக்கட்டிலே இரண்டாம் படியில் நமக்கும் ஓரிடம் ஒதுக்கு என்று கேட்பது, படிக்கட்டை ஒப்புக் கொள்வது ஆகாதா? அந்த மனுக்களை எழுதியவர்களை நாம் எள்ளி நகையாடவில்லை. இழிபெயரைச் சுமந்தவனுக்கே அதன் எடை தெரியும். ஆனால் அரை நூற்றாண்டு உழைப்பு ஒரு பெயர்ப்பலகையை மாற்றுவதிலே செலவாயிற்று என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பாதையை விட்டுச் சங்கத்தை வாக்குச் சாவடியின் பக்கம் திருப்பியதுதான் படையாட்சியார் தலைமுறை செய்த வேலை. விடுதலைக்கு முன்பின்னான ஆண்டுகளில் அவர்கள் காங்கிரஸை நாடிப் பார்த்தார்கள். எங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடங்களைக் கொடு என்றார்கள், கதவு திறக்கவில்லை. 1949இல் தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில் தனித்தே நின்றார்கள். 52 இடங்களில் 22ஐக் கைப்பற்றினார்கள்! காங்கிரஸின் பெயரைச் சொன்னால் கழுதையும் வெல்லும் என்று பேசப்பட்ட காலம் அது. வியப்பு அடங்குமுன்னரே 1951இல் மாநாடு கூடிற்று, கட்சி பிறந்தது.

மாகாணம் முழுவதற்கும் ஒரே கட்சி என்பதுதான் ஆசை. ஆனால் ஒரே சமூகத்துக்குள்ளும் வடக்கு வேறு, தெற்கு வேறு என்றாயிற்று. வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் எம்.ஏ. மாணிக்கவேல் நாயக்கர் தலைமையில் பொதுநலக் கட்சி; தென்னார்க்காட்டிலும் சேலத்திலும் படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. நாயக்கர் வழக்கறிஞர், அரசியலில் பழுத்தவர். படையாட்சியார் 1918இல் பிறந்தவர். கட்சி காணும்போது வயது முப்பத்து மூன்று. கல்லூரிப் பட்டம் இல்லை. கடலூர் நகரசபைத் தலைவர் என்ற ஊர்ப் பதவிதான் கைமுதல்.

பெயரைக் கவனியுங்கள். 'வன்னியர் கட்சி' அன்று, 'உழைப்பாளர் கட்சி'! க்ஷத்திரியப் பட்டத்துக்காக அறுபது ஆண்டு மன்றாடிய ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தேர்தல் களத்துக்கு வந்ததும் வாளையும் வேள்வியையும் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டியைக் கையில் எடுத்துக் கொண்டார்கள். பெயர் மாறியது வாக்குக்காகத்தான் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். வாக்குப் பெட்டியின் முன்னே புராணம் செல்லாது, உழைப்புதான் செல்லும் என்று அவர்கள் கண்டு கொண்டதே ஒரு முன்னேற்றம் என்போம்.

1952 சனவரியில் முதல் பொதுத்தேர்தல். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம், எழுத்தறியாதவர் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் பெட்டியிலே போட்டுவிட்டுப் போகலாம். திராவிட முன்னேற்றக் கழகம் அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. சட்டமன்றத்திலே திராவிட நாட்டுக் கோரிக்கைக்குத் துணை நிற்போம் என்று கையெழுத்திட்டுத் தருவோரை ஆதரிப்பது என்று முடிவு செய்திருந்தது. உழைப்பாளர் கட்சியும் பொதுநலக் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றன. சாதிச் சங்கத்திலிருந்து முளைத்த கட்சிக்குச் சாதி ஒழிப்புப் பேசிய இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார்கள். முரண்பாடுதான்! ஆனால் எதிரே நின்றது காங்கிரஸ் என்னும் கோட்டை. அதனை உடைக்க எந்தக் கோடரி கிடைத்தாலும் போதும் என்ற மனநிலை அன்று.

முடிவு வந்தது. 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்திலே காங்கிரஸுக்கு 152, பெரும்பான்மை இல்லை. உழைப்பாளர் கட்சிக்கு 19. பொதுநலக் கட்சிக்கு 6. பாராளுமன்றத்துக்கு உழைப்பாளர் 4 பேர், பொதுநலத்தார் 3 பேர். படையாட்சியார் கடலூரிலேயே வென்றார்.

இங்கே ஒரு நுட்பத்தைப் பார்க்க வேண்டும். அந்நாளில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர். அதில் ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள். இரண்டையும் ஒரே வேட்பாளரின் பெட்டியிலே போட முடியாது. ஆகவே வன்னியர் ஒருவருக்கு முதற்சீட்டைப் போட்டவர், இரண்டாவது சீட்டுக்கு இன்னொருவரைத் தேடியே தீரவேண்டும். உழைப்பாளர் கட்சி அந்த இன்னொருவரையும் தானே நிறுத்தியது. திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதியில் இரண்டு இடங்களும் அந்தக் கட்சிக்கே கிடைத்தன. ஊர்த்தெருவும் சேரியும் ஒரே கட்சியின் பெட்டிகளைத் தேடிச் சென்றன என்பதல்லவா இதன் பொருள்? சட்டம் கட்டாயப்படுத்திய கூட்டு, ஒரு நாள் கூட்டுத்தான். ஆனாலும் 'உழைப்பாளர்' என்ற சொல்லுக்குள் எத்தனை பெரிய வாய்ப்பு அடங்கியிருந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டுப் போயிற்று. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளே சட்டத்தால் ஒழிக்கப்பட்டன.

கடலூரிலிருந்து தெற்கே இரயிலேறினால் சிதம்பரம். அங்கே படையாட்சியாரின் அலை ஏறவில்லை, காங்கிரஸே வென்றது. ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவர் சுவாமி சகஜானந்தர். வட ஆர்க்காட்டில் ஆரணிப் பக்கத்துச் சிற்றூரிலே 1890இல் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, காவி கட்டிச் சிதம்பரம் வந்து, 1916இல் ஓமக்குளத்திலே நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியவர். தில்லைவாழ் கூத்தனைக் காண வந்த நந்தனைத் தீயிலே இறங்கச் சொன்ன கதை பிறந்த ஊர் அது. கடலூர்ப் பக்கத்துச் சங்கத்தார் நெருப்பிலே பிறந்தோம் என்று பெருமை பேசினார்கள். சிதம்பரத்திலோ ஒருவனை நெருப்பிலே இறக்கினால்தான் உள்ளே விடுவோம் என்றது புராணம். பிறப்பதற்கும் நெருப்பு, நுழைவதற்கும் நெருப்பு! எரிந்தது யார் என்று கேட்டால் இரண்டு கதையிலும் உழுதவன்தான்.

சகஜானந்தர் புராணத்தோடு சண்டையிடவில்லை. அவருடைய பக்தியும் காவியும் காங்கிரஸும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் அவர் நந்தனார் கதையைப் பாடிக் கொண்டே இருந்துவிடவில்லை. அந்தப் பெயரைக் கொண்டு பள்ளிக் கட்டடம் எழுப்பினார், விடுதி நடத்தினார், சட்டசபையில் தம் மக்களுக்காகப் பேசினார். 1959இல் அவர் மறைந்தபோது பின்னே நின்றது அந்தப் பள்ளி. அவர் ஆண்டுக்கணக்கில் சட்டமன்றத்தில் இருந்தும் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக் கொண்டு கடலூருக்குத் திரும்புவோம்.

1952இல் பெரும்பான்மை இழந்த காங்கிரஸ், ஆச்சாரியாரை அழைத்து வந்தது. தேர்தலிலேயே நிற்காதவர், மேலவைக்கு நியமனம் பெற்று ஏப்ரல் 10ஆம் நாள் முதலமைச்சரானார். எதிர்க்கட்சிகளைத் திரட்டி ஆட்சி கேட்ட பிரகாசத்தை ஆளுநர் அழைக்கவில்லை. பொதுநலக் கட்சியின் ஆறு பேர் ஆச்சாரியாருக்குத் தோள் கொடுத்தனர். மாணிக்கவேல் நாயக்கருக்கு அமைச்சர் பதவி கிடைத்தது. தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து வாங்கிய வாக்கு, சில மாதங்களிலே காங்கிரஸ் ஆட்சிக்கு முட்டுக்கட்டையாக அன்று, முட்டுக்கொடுக்கும் கட்டையாக மாறியது! படையாட்சியார் அமைச்சரவைக்கு வெளியே நின்றார். அதனாலேயே அவர்மீது நம்பிக்கை கூடிற்று.

1953இல் இரண்டு நிகழ்ச்சிகள். அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் பிரிந்தது. 140 உறுப்பினர்கள் சென்னைச் சட்டமன்றத்தை விட்டுச் சென்றனர். சிறிய மன்றத்திலே பத்தொன்பது பேரின் எடை ஏறிற்று. மற்றொன்று, அரைநேரம் பள்ளி, அரைநேரம் குலத்தொழில் என்ற ஆச்சாரியாரின் கல்வித் திட்டம். நாடே கொதித்தது. 1954இல் ஆச்சாரியார் விலகினார்; ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். எட்டுப் பேர் கொண்ட அந்த அமைச்சரவையிலே மாணிக்கவேல் நாயக்கரும் இருந்தார்; அவரோடு எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியாரும் இருந்தார்! உள்ளாட்சித் துறை அவருக்கு. உழைப்பாளர் கட்சி காங்கிரஸிலே கரைந்தது.

காட்டிக் கொடுத்துவிட்டார் என்று அன்று முழங்கியவர்கள் உண்டு. கையெழுத்திட்ட உறுதிமொழி காற்றிலே பறந்தது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் நாம் நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். குலக்கல்வியை ஒழித்தவர் என்பதால் காமராசரைப் பெரியார் ஆதரித்தார். 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசர் நின்றபோது அண்ணாவின் கழகமும் அவரை ஆதரித்தது. பிறர் வெளியே நின்று கொடுத்த ஆதரவைப் படையாட்சியார் உள்ளே போய்க் கொடுத்தார் என்று அவருக்காக வாதாடலாம். குறை அவர் காமராசரோடு சேர்ந்ததிலே இல்லை. கட்சியைக் கலைத்துவிட்டுச் சேர்ந்தாரே, அதிலேதான் இருக்கிறது. பத்தொன்பது பேர் ஒரு கட்சியாக நின்றிருந்தால், ஆட்சிக்கு ஆதரவு தந்து கொண்டே, எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை பள்ளி, எத்தனை வேலை என்று ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் கேட்டிருக்கலாம். கரைந்த பிறகு கேட்பதற்கு வாய் ஏது? ஒரு நாற்காலியைப் பெறும்போது பத்தொன்பது நாற்காலிகளின் பலத்தை விலையாகக் கொடுத்தார்.

அன்று கேட்க வேண்டியது என்ன என்பதும் தெளிவாகவே இருந்தது. வகுப்புவாரி உத்தரவை 1951இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழ, அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சென்னை அரசு பிற்பட்டோருக்கு 25 விழுக்காடு ஒதுக்கியது. ஆனால் அந்தப் பட்டியல் நீண்ட பட்டியல். ஓரளவு படித்து முன்னேறிய சமூகமும், முதல் தலைமுறையாகச் சிலேட்டைத் தூக்கிய சமூகமும் ஒரே பந்தியிலே உட்கார வைக்கப்பட்டன. பந்தியிலே கை நீளமானவன் முதலில் எடுத்துக் கொள்வான். அது யாருடைய குற்றமும் அன்று, பரிமாறிய முறையின் குற்றம். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்த பிள்ளைக்கு மிஞ்சியது சொற்பம். இதை மாற்ற வேண்டிய நேரம் 1954. மாறியது எப்போது? அதற்குப் பிறகு வருவோம்.

1957 தேர்தல் முடிந்து காமராசர் மீண்டும் அமைச்சரவை அமைத்தார். மாணிக்கவேல் நாயக்கர் பெயர் இருந்தது. படையாட்சியார் பெயர் இல்லை. மூன்றே ஆண்டுகள்! நாயக்கர் பின்னர் 1964இல் சட்ட மேலவைத் தலைவருமானார். படையாட்சியாரோ காங்கிரஸை விட்டு விலகி, பழைய கட்சிக்கு உயிரூட்டிப் பார்த்தார். பழைய வெற்றி திரும்பவில்லை. கலைத்த கூட்டைக் காகமும் மறுமுறை அதே கிளையில் கட்டாது. மக்கள் எப்படி வருவார்கள்? அவருடைய பத்தொன்பது பேரில் ஒருவரான ஆ. கோவிந்தசாமி காங்கிரஸுக்குப் போக மறுத்தவர், தி.மு.க.வில் சேர்ந்தார். உதயசூரியன் அந்தக் கழகத்தின் சின்னமான கதையிலே அவர் பெயர் இன்றும் சேர்த்தே சொல்லப்படுகிறது. 1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையிலே வேளாண்மை அமைச்சர் அவர். ஒரே கட்சியிலே தொடங்கிய இருவர். ஒருவர் முதலிலேயே நாற்காலிக்குப் போனார், ஒருவர் பதின்மூன்று ஆண்டு கழித்துப் போனார்.

இதற்காகப் படையாட்சியாரின் வேலை வீண் என்று நாம் எழுதிவிடவில்லை. 1952க்கு முன்னே தென்னார்க்காட்டில் வேட்பாளர் பட்டியல் எழுதியவர்கள் மிராசுதாரர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி யோசித்ததில்லை. 1952க்குப் பின்னே எந்தக் கட்சியாலும் அப்படி எழுத முடியவில்லை. காங்கிரஸும் கழகமும் அந்தச் சமூகத்தின் பிள்ளைகளைத் தேடித் தேடி நிறுத்தின. பத்தொன்பது பேர் வென்றதன் அச்சம் பல ஆண்டுகள் வேலை செய்தது. கட்சி செத்தது, கட்சி உண்டாக்கிய அச்சம் சாகவில்லை. அந்த வகையிலே, வாழும்போது அவருடைய கட்சி பெற்றுத் தந்ததைவிடக் கலைந்த பிறகு பெற்றுத் தந்தது அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதையும் மூடி மறைக்கக் கூடாது. 'உழைப்பாளர்' என்ற பெயர் சேரியையும் அழைத்தது. கட்சியின் மையம் சேரியை அழைக்கவில்லை. திண்டிவனத்தில் இரண்டு பெட்டிகளும் நிரம்பிய அந்த நாளுக்குப் பிறகு, களை எடுக்கும் இரு சாதிக் கூலியாட்களும் ஒரே கோரிக்கையோடு ஒரே மேடையில் ஏறும் நிலை இந்த மாவட்டத்திலே தொடரவில்லை. அதே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள், அதே மழைக்கு ஏங்கியவர்கள், தேருக்கும் சுடுகாட்டுக்கும் தெருவுக்கும் பகைத்துக் கொண்ட செய்திகளைப் பின்னாளில் எத்தனை முறை படித்தோம்! சகஜானந்தர் ஓமக்குளத்துப் பள்ளியிலே தனித்து உழைத்தார். படையாட்சியார் மஞ்சக்குப்பத்திலே தனித்து உழைத்தார்.

1980இல் படையாட்சியார் மீண்டும் எழுந்தார், காங்கிரஸ் வேட்பாளராக. திண்டிவனம் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1984இல் மறுபடியும் அனுப்பியது. முதல் தேர்தலில் அவருடைய கட்சி இரண்டு இடங்களையும் வென்ற அதே திண்டிவனம். அதே 1980இல்தான் மருத்துவர் இராமதாசு வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். பிற்பட்டோர் பங்கு 31, பிறகு 50 என்று உயர்ந்திருந்தது. பந்தி பெரிதாயிற்று, பரிமாறும் முறை மாறவில்லை. பழைய கோரிக்கை புதிய குரலில் எழுந்தது. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வட தமிழகத்துச் சாலைகள் மறிக்கப்பட்டன. 21 பேர் உயிரிழந்தனர். திண்டிவனத்தின் பாராளுமன்ற உறுப்பினர் அப்போது படையாட்சியார்தாம்; வயது அறுபத்தொன்பது; இருந்தது ஆளுங்கட்சி வரிசையில்.

1989இல் கலைஞர் ஆட்சி பிற்பட்டோர் 50 விழுக்காட்டைப் பிரித்து, மிகவும் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 விழுக்காடு என்று ஆணையிட்டது. பந்தி இரண்டாயிற்று. 1954இல் உள்ளே போனவர் கேட்டிருக்க வேண்டியது, முப்பத்தைந்து ஆண்டு கழித்து, சாலையிலே விழுந்த உடல்களுக்குப் பிறகு வந்தது. படையாட்சியார் அதைக் கண்ணாரக் கண்டார். 1992 ஏப்ரல் 3ஆம் நாள் மறைந்தார். அந்த 20 விழுக்காட்டிலும் வன்னியருக்கென 10.5 விழுக்காட்டைத் தனியே பிரித்து 2021இல் ஒரு சட்டம் வந்தது. சமூகங்களின் நிலைபற்றிய தக்க தரவு இல்லை என்று கூறி, உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்று, 2022 மார்ச்சு 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்று உறுதி செய்தது. சட்டம் கொண்டு வந்த கட்சியும், அதனை நடைமுறைப்படுத்த ஆணையிட்ட கட்சியும், அதற்காகப் போராடிய கட்சியும் அந்தச் செப்டம்பரிலும் மஞ்சக்குப்பத்துச் சிலைக்கு மாலை கொண்டு வந்தன.